எல்லை தாண்டினால் தங்கச்சி

கல்யாண வீட்டுப் பந்தியில் பாயசம் கொண்டு வருகிறவர் நாலு இலைக்கு அப்பால் நிற்கும்போதே அத்தான் தன் இலையை மடித்துவிடுவார். மடித்ததோடு விடமாட்டார். கையை நெஞ்சுக்கு நேராக உயர்த்தி, பந்தி முழுக்கக் கேட்கிற குரலில், "வேண்டாம் கேட்டியளா, சுகராக்கும்" என்பார். பரிமாறுகிறவர் ஒரு கணம் இரக்கத்தோடு நின்றுவிட்டு நகர்வார். எதிர்வரிசையில் இருக்கிற யாராவது எவ்வளவு இருக்கிறது என்று விசாரிப்பார்கள். அத்தான் ஒரு எண்ணைச் சொல்வார். கல்யாணத்துக்குக் கல்யாணம் எண் மாறும். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் அடுக்களைக்குள் போய், நின்ற நிலையில் ஒரு கருப்பட்டியைப் பாதி தின்பார்.

அப்போது அவருக்குச் சுகர் கிடையாது. தினமும் ஒரு மாத்திரை விழுங்குவதற்கு ஊரிடம் சொல்ல ஒரு காரணம் வேண்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் சுகரை விட மரியாதையான தீனம் வேறில்லை. ஹெட்மாஸ்டருக்கு உண்டு, போதகருக்கு உண்டு, பஞ்சாயத்து மெம்பருக்கு உண்டு. அந்த வரிசையில் அத்தானும் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அத்தான் என்றால் என் அக்காவைக் கட்டியவர். நெஞ்சு அடைத்துச் செத்து இரண்டு வருடமாகிறது. செத்தவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று யாரும் கேட்க வேண்டாம். உயிரோடு இருந்தபோது இதைவிட மோசமாக முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே வெளியே போய், மச்சினன் தன்னைப் புகழ்ந்ததாக நாலு பேரிடம் சொன்னார். அக்காவிடம் மட்டும் கேட்டேன். "எழுது மக்கா. அவருக்க பேரை மட்டும் போடாண்டாம். எது அவருக்க பேருன்னு அவருக்கே சமயத்துல நெதானம் கிட்டாது" என்றாள்.

எங்கள் ஊர் எல்லையில், கேரளப் பக்கமாக இருக்கிறது. எல்லை என்றால் வேலியோ வாய்க்காலோ ஒன்றும் இல்லை. ரப்பர் தோட்டம் ஒரே தோட்டம். இந்த மரத்துச் சிரட்டையில் சொட்டுகிற பால் கேரளம், அந்த மரத்துச் சிரட்டையில் சொட்டுகிறது தமிழ்நாடு. தனுவச்சபுரத்துக்குப் படிக்கப் போகிற பிள்ளைகள் பஸ்ஸின் முன்வாசலில் மலையாளமும் பின்வாசலில் தமிழுமாகச் சண்டை போட்டுக்கொண்டு போகும். இரண்டு நாக்கும் எங்களுக்குப் பிறவியிலேயே உண்டு. அதை யாரும் பெரிய காரியமாக எண்ணுவதில்லை. அத்தான் அதைத் தொழிலாக்கினார். அவருக்கு எல்லாமே இரண்டு. ரேஷன் கார்டு இரண்டு, ஓட்டு இரண்டு. சபையும் இரண்டு, இந்தப் பக்கத்துப் பழைய மிஷன் கோயிலில் தூணில் சாய்ந்தபடி அடக்கமாகப் பாடுவார், அந்தப் பக்கத்துத் தகரக்கூரை ஜெபக்கூட்டத்தில் கண்ணீரோடு கைதட்டுவார். அமரவிளை செக்போஸ்ட் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த காலத்தில் வைக்கோலுக்கு அடியில் அரிசி மூட்டை கொண்டு வந்தவர்களில் அவரும் ஒருவர். இங்கே பிடித்தால் அங்கத்துக்காரர், அங்கே பிடித்தால் இங்கத்துக்காரர். அதில் அவருக்கு ஒரு கொள்கையே இருந்தது.

"அந்தப் பக்கத்து காரியம் அந்தப் பக்கம் கெடக்கட்டும். இந்தப் பக்கத்து காரியம் இந்தப் பக்கம். ரெண்டையும் ஒருத்தன் ஒண்ணாட்டு பாக்கச்சிலதான் சங்கடம்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். பத்து வயசுப் பையன் வாத்தியார் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு வந்து சொல்கிற வெளிச்சம். ஐம்பது வயதில் ஒரு மனிதனிடம் அது இருந்தால் பார்க்கச் சகிக்காது. அவரோடு பஸ்ஸில் போயிருக்கிறேன். பாறசாலை வரைக்கும் நான் அவருக்கு "அளியா". களியக்காவிளை தாண்டியதும் "மச்சான்". குரல்கூட மாறும். இங்கே மூக்கிலிருந்து வருவது அங்கே தொண்டையிலிருந்து வரும்.

லாரியோடு வடக்கே போய் வந்த காலத்தில் அவருக்கு எச்.ஐ.வி. வந்தது. அவரிடமிருந்து அக்காவுக்கு வந்தது. அதற்காக நான் அவரை இகழவில்லை. கிருமிக்கு யோக்கியன் அயோக்கியன் தெரியாது. அந்தத் தீனத்தோடு தலைநிமிர்ந்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, சிரித்துக்கொண்டு வாழ்கிறவர்கள் எத்தனையோ பேர். நான் இகழ்வது இதற்குப் பிறகு அவர் செய்ததை.

ஏதோ முகாம் என்று சொல்லி அக்காவை எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு ரத்தம் பார்க்கக் கூட்டிப்போனார். முடிவை அவளிடம் சொன்னது அங்கே ஆலோசனை சொல்கிற மேடம். அக்கா அழுதுகொண்டே பஸ் ஏறினாள். பக்கத்தில் உட்கார்ந்த அத்தான் ஜன்னல் வழியாக வாழைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். குழித்துறைப் பாலம் தாண்டியதும் அவள் காதோரம் குனிந்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று அவள் நினைத்திருக்கிறாள்.

"அங்க நீ எனக்க தங்கச்சியாக்கும். மறந்துராத" என்றார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இந்த மருந்து இலவசம். எல்லைக்கு இந்தப் பக்கமும் கிடைக்கும். ஆனால் இங்கே வாங்கப் போனால் ஊர்க்காரன் யாராவது பார்ப்பான். அதனால் இங்குள்ளவர்களில் சிலர் அங்கே போவார்கள், அங்குள்ளவர்களில் சிலர் இங்கே வருவார்கள். காலை நேரத்தில் இரண்டு திசையிலும் போகிறவர்கள் களியக்காவிளை ஸ்டாண்டில் ஒருவரை ஒருவர் பார்த்து, ஒரே சமயத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பயந்தவர்கள் அப்படிச் செய்வதை நான் குறை சொல்லமாட்டேன். ஊர் வாய்க்கு நானும் பயந்தவன்தான். ஆனால் மற்றவர்கள் தங்கள் பெயரோடுதான் எல்லை தாண்டினார்கள். அத்தான் பெயரையும் மாற்றினார். அந்தப் பக்கத்துக் குடும்ப வீட்டின் பழைய ரேஷன் கார்டில் அவருடைய அண்ணன் பெயரும் தங்கை பெயரும் வெட்டப்படாமல் கிடந்தன. அண்ணன் எப்போதோ செத்துப்போனவர். தங்கை கல்யாணமாகி வடக்கே போனவள். கார்டைக் கொண்டுபோய் நீட்டி, தன்னைச் செத்த அண்ணன் என்றும், என் அக்காவை வடக்கே இருக்கிற தங்கை என்றும் எழுதவைத்தார்.

அப்படியாக, மண்ணுக்குள் கிடந்த ஒருவர் மாதம் தவறாமல் மாத்திரை வாங்கினார். என் அக்கா எல்லை தாண்டியதும் புருஷனுக்குத் தங்கச்சியானாள். திரும்பி வரும்போது பாறசாலையில் மறுபடியும் பெண்டாட்டி.

அந்த ஆஸ்பத்திரியில் அவருக்கு நல்ல பெயர். தங்கச்சியின் பையைத் தூக்கிக்கொள்வார், தங்கச்சிக்கு டீ வாங்கிக் கொடுப்பார். "இந்தக் காலத்துல இப்படி ஒரு அண்ணன் கெடைக்க குடுத்து வச்சிருக்கணும்மா. கட்டுன புருஷனே விட்டுட்டுப் போயிடுறான்" என்று மேடம் அக்காவிடம் சொல்வாராம். அத்தான் கண்ணைத் தாழ்த்தி, "ரத்தபாசம்லா மேடம்" என்பாராம். இதை என்னிடம் சொல்லும்போது அக்கா சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. அவர் திருடியவற்றிலேயே கேவலமானது அந்தப் பாராட்டுத்தான்.

மாத்திரை வந்த டப்பாவின் மேலுள்ள காகிதத்தை அவர் பிளேடால் சுரண்டிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்து, வேட்டியை மடித்துக் கட்டி, முற்றத்தில் உட்கார்ந்து, நகை செய்கிறவனைப் போல நிதானமாகச் சுரண்டுவார். அவருடையதும் அக்காவுடையதும். இரண்டு வெள்ளை டப்பாக்கள், பெயரில்லாமல், அரிசிப் பானைக்குப் பின்னால் நிற்கும்.

முதல் காலத்து மாத்திரைகள் அவர் கன்னத்துக் கொழுப்பைத் தின்றுவிட்டன. அப்போது அந்த மருந்து தின்ற பலருக்கும் அப்படி ஆனது. கன்னம் குழிந்து, கைகால் நரம்பெடுத்து, வயிறு மட்டும் தள்ளி நிற்கும். மற்றவர்கள் அந்த முகத்தோடு உலகத்தைப் பார்த்தார்கள். அத்தான் பாக்கை இரண்டாக உடைத்து, ஒவ்வொரு கன்னத்திலும் ஒரு துண்டை ஒதுக்கிக்கொண்டுதான் படம் எடுக்க நிற்பார். என் கல்யாண ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் அப்படித்தான் நிற்கிறார். போட்டோக்காரன் சிரிக்கச் சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டான். வாய்க்குள் எதையோ ஒளித்துவைத்திருக்கிற ஒரு மனிதனின் படங்கள். கேமரா பொய் சொல்லவில்லை.

பிறகு மாத்திரை மாறியது. கன்னம் முழுக்கத் திரும்பி வரவில்லை, உடம்பு பெருத்தது. கொஞ்ச நாளில் மெய்யாகவே சுகர் வந்தது. கால் விரலில் ஒரு புண் ஆறாமல் நின்றதும் ரத்தம் பார்த்துக் காகிதத்தைக் கையில் கொடுத்தார்கள். அத்தான் அதை நம்பவில்லை. உள்ளதெல்லாம் எனக்குத் தெரிந்தபின் ஒரு நாள் கேட்டேன்.

"எளவு, லேபுக்காரனுக்கு தெரியல்ல அளியா. நான் சுகர்னு ஊரெல்லாம் சொன்னத அவனும் கேட்டிருப்பான், அத அப்படியே எழுதிப் போட்டான்" என்றார்.

"ரத்தத்தப் பாத்துல்லா எழுதினான்?"

"நான் உண்டாக்கின தீனம் எனக்கே எப்படில வரும்?"

அன்றைக்கும் அவர் கையில் கருப்பட்டி இருந்தது.

இனி அக்காவின் எலும்புகள்.

கிணற்றில் வாளியை இழுக்கும்போது ஒரு நாள் அவள் மணிக்கட்டு முறிந்தது. வழுக்கவில்லை, விழவில்லை. வாளி பாதித் தூரம் வந்தபோது சுள்ளி ஒடிகிற சத்தம் கேட்டதாம். கயிறுதான் அறுந்தது என்று நினைத்து அக்கா கயிற்றைப் பார்த்தாளாம். நெய்யாற்றின்கரையில் ஓர் எலும்பு டாக்டர் கட்டுப் போட்டார். இந்த வயசில் இப்படி முறிவது சரியில்லையே, வேறு ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா என்று மலையாளத்தில் கேட்டார். அக்கா வாயைத் திறப்பதற்குள் அத்தான் சொன்னார்: "சுகரிண்டெ ஒரு குளிக மாத்ரம், டாக்டர்." சுகருக்கு ஒரு மாத்திரை, அவ்வளவுதான்.

ஊருக்குச் சொன்ன பொய்யில் பாதியை அவளுக்கும் பங்கு வைத்தார். டாக்டர் சுகர் பார்த்தார். சுத்தமாக இருந்தது. இவ்வளவு கட்டுப்பாடாக வைத்திருக்கிறவர்களை நான் பார்த்ததில்லை என்று அவர் அக்காவைப் பாராட்டினார். அந்தப் பாராட்டையும் அத்தானே தலையாட்டி வாங்கிக்கொண்டார்.

டாக்டர் கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அக்கா காலையில் வெறும்வயிற்றில் இரண்டையும் சேர்த்து விழுங்கினாள். அந்தப் பக்கத்து மாத்திரையையும், இந்தப் பக்கத்து மாத்திரையையும். அப்படி ஒன்றாக விழுங்கக் கூடாது, கால்சியம் மற்றதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கிருமியை அடக்குகிற மருந்து உடம்பில் சேராது என்பதெல்லாம் பின்னால்தான் தெரிந்தது. சொல்லியிருக்கக்கூடிய இரண்டு டாக்டர்களில் ஒருவருக்கும் மற்றவர் இருப்பது தெரியாது. இரண்டு மாநிலமும் சந்தித்துக்கொண்டது அக்காவின் வயிற்றில் மட்டும்தான்.

அடுத்த மழைக்காலத்தில் இருமும்போது விலாவில் ஓர் எலும்பு விரிசல் விட்டது. அதற்கடுத்து இடுப்பு. நேரே நடந்துகொண்டிருந்தவள் இரண்டு பக்கமும் ஆடி ஆடி நடக்கத் தொடங்கினாள். நாற்காலியிலிருந்து எழும்ப மேசையைப் பிடிக்க வேண்டும். பஸ் படியில் கால் வைக்க முடியவில்லை. கோயில் முடிந்து ஆட்கள் கூடி நின்ற இடத்தில் அத்தான் அவளைச் சுட்டிக்காட்டி, "வீட்டுல நான் தாறா வளக்கேன், பாத்தியளா" என்றார். தாறா என்றால் வாத்து. நாலைந்து பேர் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவரை "நாய்" என்று சொன்னேன். மெதுவாக, அவருக்கு மட்டும் கேட்கும்படி. "உனக்கு கோவம் கூடுதல் அளியா, பிரஷர் பாரு" என்றார்.

அடுத்தமுறை எலும்பு டாக்டரிடம் போகும்போது நானும் போனேன். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சப் பெட்டியில் செருகினார். தொடையெலும்பின் கழுத்தில் மயிரிழை போல ஒரு கோடு. பேனா முனையால் அதைத் தொட்டுக் காட்டினார். அவர் மலையாளத்தில் சொன்னதன் சாரம் இது: இது தேய்மானம் இல்லை, வாதமும் இல்லை. எலும்பிலிருந்து உப்பு கரைந்து சிறுநீரில் போய்க்கொண்டிருக்கிறது. சில மருந்துகளை வருடக்கணக்கில் தின்றால் சிலருக்கு இப்படி ஆகும். என்ன மருந்து என்று தெரிந்து அதை மாற்றாமல் நான் ஆணி போட்டால், ஆணி பிடிக்க அங்கே எலும்பு இருக்காது. இந்தக் கோடு முழுக்க ஓடிவிட்டால் அப்புறம் இவர் எழுந்து நடப்பது சந்தேகம்.

"இப்போதாவது சொல்லுங்கள், வேறு என்ன மருந்து?" என்று கேட்டார்.

"சுகர் மாத்ரம்" என்றார் அத்தான்.

டாக்டர் அக்காவைப் பார்த்தார். அக்கா அத்தானைப் பார்த்தாள். அத்தான் வெளிச்சப் பெட்டியைப் பார்த்தார், அது வேறு யாருடைய எலும்போ என்பதைப் போல.

அன்று வீடு திரும்பியதும், அத்தான் குளிக்கப் போயிருந்த நேரத்தில், அக்கா மேசையைப் பிடித்து எழுந்து அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து அந்த டப்பாவை எடுத்து என் கையில் வைத்தாள்.

"டாக்டர் கேட்டது இதாக்கும் மக்கா."

"என்ன மாத்திரக்கா இது?"

"பேரு தெரியாது. அவரு செரண்டிப் போட்டாரு. தீனம் என்னன்னு மட்டும் தெரியும்."

சொன்னாள். எல்லாவற்றையும், அந்த முதல் பஸ் பயணத்திலிருந்து. நடுவில் குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தமும், அத்தான் ஞானப்பாட்டு பாடுகிற சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன. மலையாளப் பாட்டு.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவரிடம், நாளைக்கே எலும்பு டாக்டரிடம் உள்ளதைச் சொல்வோம் என்றேன். நான் தெரிந்துகொண்டதில் அவருக்கு வெட்கமோ அதிர்ச்சியோ இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து கால் புண்ணுக்கு மருந்து தடவினார்.

"அந்த டாக்டருக்க நர்ஸ் ஆருன்னு தெரியுமா? நம்ம சபைக்காரி. ஞாயிறாச்ச பிரசங்கத்துக்கு முன்ன ஊருக்குத் தெரியும்."

"தெரியட்டும். அக்காவுக்க காலு போவுது."

"காலும் போவாண்டாம், பேரும் போவாண்டாம். வழியுண்டு." அந்த வெளிச்சம் முகத்தில் வந்தது. "இவளை அங்க கொண்டு போவோம். அந்தப் பேருல அங்கயே இடுப்பைப் படம் எடுப்போம். அவங்க மாத்திரைய மாத்தட்டும். மாத்தினப்பொறவு இங்க ஆணி போட்டாப் போதும். இவங்க அறியாண்டாம், அவங்களும் அறியாண்டாம்."

"எடுத்த படம் கையில இருக்கே. நடக்க முடியாதவள கொண்டு போய் இன்னொரு படம் எதுக்கு?"

"அது இந்தப் பக்கத்துப் படம்லா அளியா" என்றார், சிறுபிள்ளைக்குச் சொல்வதைப் போல.

கார் பிடித்துப் போனோம். குழியில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் அக்கா உதட்டைக் கடித்தாள். அத்தான் முன்சீட்டில் டிரைவரோடு மலையாளத்தில் பூவார் ரிசார்ட்டுகளைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்; களியக்காவிளை தாண்டியதும் அதே பேச்சைத் தமிழில் தொடர்ந்தார். எக்ஸ்ரேயை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லியிருந்தார். அக்கா அதைத் துவர்த்துத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு பக்கமும் பெஞ்சுகள். கோடியில் மருந்து கொடுக்கிற ஜன்னல். அங்கே அன்று புதிதாக ஒருத்தர். பக்கத்தில் மேடத்தின் அறை. எங்கள் முறை வந்தபோது நான் அக்காவைத் தாங்கி உள்ளே உட்காரவைத்தேன். அத்தான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சிக்கு இடுப்புல வலி மேடம். ஒரு எக்ஸ்ரே எழுதித் தந்தீங்கன்னா நல்லாருக்கும்" என்றார். எவ்வளவு சுத்தமான தமிழ்.

மேடம் பதிவேட்டைத் திறந்து அந்தத் தங்கையின் பெயரை வாசித்தார். "என்னம்மா ஆச்சு?"

அக்கா துவர்த்தைப் பிரித்து எக்ஸ்ரே உறையை மேசைமேல் வைத்தாள்.

"ஏற்கெனவே எடுத்தாச்சா?" மேடம் உறையைத் திருப்பிப் பார்த்தார். "இதுல பேர் வேறயா இருக்கே."

"மாறி வந்துட்டு மேடம்" என்றார் அத்தான் வாசலிலிருந்து. "பக்கத்து வீட்டம்மாவோடது."

அக்கா அவர் பக்கம் திரும்பவில்லை. "படம் என்னுதாக்கும் மேடம். இந்தப் புக்குல இருக்கப்பட்டவளுக்க எலும்புக்கு ஒரு கேடும் இல்ல. அவ வடக்கே நல்லாட்டு ஓடிச்சாடி நடக்கா. நோவு எனக்கு. எனக்க பேரை எழுதுங்க."

மேடம் பேனாவை மூடினார்.

"அப்போ உங்க அண்ணன்?"

"அண்ணன் இல்ல. என்னைக் கெட்டினவராக்கும்."

மேடம் வாசலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நிலையில் யாரும் இல்லை.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, புதிய தாள் ஒன்றை எடுத்து, "சொல்லுங்கம்மா" என்றார். அக்கா தன் பெயர், அப்பா பெயர், வீட்டுப் பெயர், ஊர் எல்லாவற்றையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். டாக்டர் வந்து படத்தைப் பார்த்தார். சிறுநீரும் ரத்தமும் எடுக்கச் சொன்னார். இந்த மாத்திரைதான், நல்ல மாத்திரை, லட்சம் பேரைக் காப்பாற்றியிருக்கிறது, இவங்க உடம்புக்கு மட்டும் இப்படிப் பண்ணிவிட்டது, மாற்றிவிடலாம் என்றார். எங்கள் எலும்பு டாக்டருக்கு ஒரு கடிதமும் எழுதினார். அதில் அக்காவின் சொந்தப் பெயர் இருந்தது. ஆணி பிறகு பிடித்தது. இப்போது அவள் கம்பில்லாமல் கிணற்றடிக்குப் போகிறாள். சபைக்கார நர்ஸ் இன்றுவரை யாரிடமும் ஒரு சொல் சொல்லவில்லை.

அன்று கடிதத்தை மடித்துக் கொடுக்கும்போது மேடம் என்னிடம், "அவரையும் வரச் சொல்லுங்க. அவரும் இதே மாத்திரைதான் சாப்பிடுறார். அவர் எலும்பையும் கிட்னியையும் பாக்கணும். கோவிச்சுக்க மாட்டோம்னு சொல்லுங்க" என்றார்.

வராந்தாவுக்கு வந்து தேடினேன். நாங்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சில் அவர் இல்லை. எதிர்ப்பக்கம், கடைசிப் பெஞ்சில், முன்பின் தெரியாத ஒரு கிழவிக்குப் பக்கத்தில் இருந்தார். கிழவியின் தண்ணீர்ப் பாட்டிலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அவளுக்குத் துணைக்கு வந்தவரைப் போல, நம்பர் எத்தனை பாட்டி என்று பரிவோடு விசாரித்துக்கொண்டிருந்தார்.

அருகே போய்க் குனிந்து, "அத்தான், உங்களையும் உள்ள விளிக்காங்க. ஒண்ணும் ஏசமாட்டாங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வேட்டியிலிருந்து தூசியைத் தட்டினார்.

"தம்பிக்கு ஆள் மாறிப்போச்சு போல" என்றார்.

அப்போது மருந்து ஜன்னலில் அந்தப் புது ஆள் அவருடைய நம்பரைக் கூப்பிட்டார். யாரும் எழவில்லை. இரண்டாவது தடவை நம்பரோடு பெயரையும் சேர்த்துச் சொன்னார். செத்துப்போன அண்ணனின் பெயர். யாரும் எழவில்லை. மூன்றாவது தடவை தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி உரக்கக் கூப்பிட்டார். வராந்தாவில் இருந்த எல்லாரும் யார் அந்த ஆள் என்று திரும்பிப் பார்த்தார்கள். அத்தானும் அவர்களோடு சேர்ந்து, கழுத்தை எக்கி, திரும்பிப் பார்த்தார்.